ஊழும் உயிரின் பொறுப்பும்

காவிரி சூழ்ந்த திருவரங்கத்துப் பொழிலிற் கவுந்தியடிகளுக்கு எதிர்ப்பட்ட சாரணர், வல்வினை விலக்க விலகாதென அறிவுறுத்தினர் எனச் சிலப்பதிகாரம் கூறும். உடன் சென்ற கோவலனை அவ்வினை மதுரையிற் பற்றியது. முற்பிறப்பிற் சிங்கபுரத்துச் சங்கமனை ஒற்றனென்று காட்டிக் கொல்வித்த பழி அதுவென மதுராபதித் தெய்வம் விளக்கும்.

யவன நாடகப் புலவர் சோபோக்கிளீசின் ஈடிப்பசு சரிதத்தில் இத்தகைய விளக்கம் இல்லை. தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்ற தெய்வவாக்குக்கு அஞ்சி அவன் ஓடிய வழியே அவனை அதனுள் வீழ்த்தியது. முற்பிறப்பில் அவன் யாது செய்தான் என்பது ஆண்டுப் பேசப்படவில்லை.

இனி, எல்லாம் ஊழே செய்யுமெனின் பாண்டியன்பாற் குற்றம் யாது? வினை விளையுங் காலம் வந்தமையின் அவன் ஆராயாது ஆணையிட்டான் என்றே இளங்கோவடிகளும் கூறுவர். ஆயினும் அம்மன்னன் ஊழின்மேற் பழியை ஏற்றினானல்லன். தன்னையே கள்வனென்று இகழ்ந்து உயிர் நீத்தான். ஈடிப்பசும், துயரந் தந்தது அப்போலோத் தெய்வமாயினும் கண்களைக் குத்தியது தன் கையே என்றான்.

வினை சடம், தானே வந்து பற்றாது, இறைவன் ஆணையால் உயிர் அதனை நுகரும் என்பது சித்தாந்தத் துணிபு. கோவலன் நுகர்ந்தது பிராரத்தம். பாண்டியன் ஆராயாமை ஆகாமியம். ஒருவனது பிராரத்தம் மற்றொருவனது பிழைக்குக் கவசமாகாது. பாண்டியன் இதனை நூல்வழி ஆராய்ந்திலன்; அரியணையிலிருந்து வீழ்ந்து உணர்ந்தான்.