'பயங்கரமான' மூத்தம்மா

அண்மையில் சஞ்சிகையொன்றில் மொழிபெயர்ப்புச் சிறுகதை ஒன்றை வாசிக்கக் கிடைத்தது. ஆங்கில மூலமும் கைவசம் இருந்ததால் இரண்டையும் ஒப்புநோக்கினேன். தடங்கலற்ற நல்ல தமிழ். ஆனால், கண்ணசைவிலேயே ஒரு குடும்பத்தை நடத்தும் மூத்தம்மா தமிழில் 'பயங்கரமான கிழவி' ஆகியிருந்தார். மூலத்தில் இருந்த சொல் 'ஃபோமிடபிள்'. அவரை மருமக்கள் மதிக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் நேசிக்கிறார்கள். தமிழில் மட்டும் அவர் பேயாகிவிட்டார்.

மொழிபெயர்ப்பாளரை முற்றாகக் குறைசொல்ல முடியாது. இலத்தீனில் அச்சத்தைக் குறிக்கும் 'ஃபோர்மிடோ' என்பதே இச்சொல்லின் வேர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இன்றைய பிரெஞ்சில் அச்சம் கழன்று 'பிரமாதம்' என்ற பொருளே மிஞ்சியிருக்கிறது. நாமும் 'பயங்கரக் கெட்டிக்காரன்' என்று பேசும்போது அதைத்தானே செய்கிறோம்? ஆங்கிலமோ நடுவில் நிற்கிறது. எதிரி, கோட்டை, பெரும் பணி, கூரிய அறிவு என எதற்கு இதைச் சொன்னாலும் தயக்கமும் மதிப்பும் சேர்ந்தே வரும். வெறும் கொடுமைக்கு இச்சொல் பொருந்தாது.

பேச்சில் தீங்கற்ற 'பயங்கரம்' எழுத்தில் அப்படியல்ல. இந்நாட்டில் 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபின் அச்சொல்லின் மேல் சிறைவாசல் நிழல் விழுந்தது. 2019 ஏப்ரல் 21 இன் பின் நமது தாடியும் அபாயாவும்கூட அந்த நிழலுக்குள் வந்தன. ஒரு மார்க்க அறிஞரை 'பயங்கரமான அறிஞர்' என்று இனி எழுதினால், வாசகர் மனம் எங்கே போகும்?

மாற்றுச்சொல் இல்லாமலில்லை. சங்கப் பாடல்களில் 'உருகெழு' உண்டு. 'உரு' என்பதற்கு உட்கு, அதாவது அச்சம் என்று தொல்காப்பிய உரியியல் பொருள் சொல்கிறது. ஆனால் இன்று அதை எழுதினால் உரையும் எழுத வேண்டிவரும். நம்மிடம் வேறொரு சொல் இருக்கிறது: 'ஹைபத்'. நபி (ஸல்) அவர்களைத் திடீரெனக் காண்பவர் உள்ளத்தில் ஹைபத் எழும் என்றும், பழகியவர் உள்ளத்தில் நேசம் வேரூன்றும் என்றும் அலி (ரழி) அவர்கள் சொன்னதாக ஷமாயிலில் ஒரு வருணனை வருகிறது. அச்சமும் அன்பும் ஓரிடத்தில் பகையின்றி இருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அகராதி சொல்லும்?

எல்லா இடத்துக்கும் ஒரே சொல் ஆகாது. எதிரியானால் 'எளிதில் வெல்ல முடியாத' எனலாம். பணியானால் 'மலைப்பூட்டும்' என்பது போதும். மனிதரானால் நம் வாசகருக்கு 'ஹைபத்தான' என்றே எழுதலாம். பிற வாசகருக்கு, அவர் முன்னே யாரும் குரல் உயர்த்தமாட்டார்கள் என்று விரித்துச் சொல்லலாம். சொல் நீண்டாலும் ஆள் சிதையமாட்டார்.

அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்துவைப்பது மொழிபெயர்ப்பின் பாதி வேலைதான். அச்சொல் நம் ஊரில் யார்மேல் போய் விழுகிறது என்று பார்ப்பதே மற்றப் பாதி. அந்த மூத்தம்மாவுக்கு இரண்டாவது பாதி கிடைக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம்.