முறைச் சீட்டும் ஏலச் சீட்டும்

ஜூனில் பள்ளிக் கட்டணம், ஐப்பசியில் தீபாவளி, நடுவில் வண்டிக் காப்பீடு, அரையாண்டுக்கு ஒரு தடவை வீட்டு வரி. எல்லாம் முன்கூட்டியே தெரிந்த செலவுகள். தேதி தெரியும், தொகையும் ஏறக்குறையத் தெரியும். இருந்தும் மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் வீடு ஒவ்வோர் ஆண்டும் இவற்றின் முன் தடுமாறுகிறது.

பள்ளிக்கு 36,000, பண்டிகைக்கு 24,000, காப்பீட்டுக்கு 6,000, வரிக்கு 3,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 69,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,750. தாளில் அழகான கணக்குதான். ஆனால் மார்ச்சில் சேர்க்கத் தொடங்குகிறவரிடம் ஜூன் வரையில் 23,000தான் சேர்ந்திருக்கும். பள்ளி கேட்பதோ 36,000. முதல் வருடமே கணக்கு இடிக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ஒதுக்கிய பணம் வீட்டில் தங்காது. பீரோவில் இருக்கும் பணத்துக்கு ஒரு காய்ச்சலோ, உறவினர் வீட்டு விசேஷமோ வழி கண்டுபிடித்துவிடும். அதனால் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் குடும்பங்கள் அந்தப் பணத்தைத் தம் கையைவிட்டு வெளியே கொடுத்துவைக்கின்றன. யாரிடம் கொடுக்கின்றன, எந்த ஒழுங்கில் திரும்பப் பெறுகின்றன என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

இலங்கையில் சீட்டு இன்னும் பெரும்பாலும் ஆட்களை நம்பி நடப்பது. அலுவலகத்தில், பள்ளி ஆசிரியர்களிடையே, ஒரே தெருவில், தோட்டத்து லயங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்வார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோருக்கும் பழக்கமான ஏற்பாடு. சிங்களத்திலும் அதற்குச் சீட்டு என்றே பெயர். வடக்கில் நடத்துபவரைத் தாச்சி என்பார்கள். கழிவு கேட்டு, அதாவது தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து எடுக்கும் சீட்டும் அங்கே உண்டு. ஆனால் பரவலாக இருப்பது குலுக்கிப் போட்டோ, பேசி வைத்தோ முறை பிரித்துக்கொள்வது. பன்னிரண்டு பேர் மாதம் 3,000 கட்டினால் ஒவ்வொருவருக்கும் ஒரு மாதம் 36,000 கிடைக்கும். வட்டி இல்லை, கழிவும் இல்லை. “எனக்கு ஏப்ரல் தாங்கோ, புத்தாண்டுக்கு வேணும்” என்று கேட்டால், டிசம்பரில் தேவைப்படுகிறவர் விட்டுக்கொடுப்பார். இந்து, பௌத்த, கிறிஸ்தவ, இஸ்லாமியப் பண்டிகைகள் வெவ்வேறு மாதங்களில் வரும் நாட்டில், பல சமூகத்தினர் சேர்ந்த சீட்டில் இந்த முறைப் பங்கீடு இன்னும் எளிது. மார்ச்சில் தொடங்கிய சீட்டில் ஜூன் முறையைக் கேட்டு வாங்கியவருக்கு முதல் வருடத்துப் பள்ளிக் கட்டணச் சிக்கலே வராது. வகுத்தல் கணக்கால் முடியாததை முறைச் சீட்டு செய்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் மேலோங்கியிருப்பது ஏலச் சீட்டு. 20 பேர், மாதம் 5,000, மொத்தம் ஒரு லட்சம். அவசரமாகப் பணம் வேண்டியவர் 25,000 தள்ளிக் கேட்டு எடுத்தால் அவர் கைக்கு 75,000 வரும். நடத்துபவர் கமிஷன் 5,000 போக மீதி 20,000 எல்லோருக்கும் தலைக்கு ஆயிரமாகக் கழியும். திடீர் மருத்துவச் செலவுக்கு, கடைக்குச் சரக்கு வாங்க, இது நல்ல வழி. பணம் உடனே கிடைப்பதற்கு ஒரு விலை கொடுக்கிறோம். ஆனால் பள்ளிக் கட்டணத்துக்கு ஏலச் சீட்டை நம்புவது தவறு என்றே நினைக்கிறேன். தெரிந்த தேதியில் வரும் செலவு நமக்கு மட்டும் வருவதில்லை. சீட்டில் பாதிப் பேருக்கு அதே ஜூன் மாதத்தில்தான் பணம் வேண்டும். எல்லோரும் சேர்ந்து கேட்டால் தள்ளுத்தொகை ஏறத்தான் செய்யும்.

சட்டம் இரு நாட்டிலும் உண்டு. இலங்கையில் 1935-லேயே சீட்டுக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. வீட்டுச் சீட்டுகளோ அதன் நினைவே இல்லாமல் நடக்கின்றன. தமிழ்நாட்டில் 1961-ல் மாநிலச் சட்டம், பிறகு 1982-ல் மத்தியச் சட்டம். நடத்துபவர் பதிவுத் துறையில் முன் அனுமதி பெற வேண்டும், பிணைத்தொகை கட்ட வேண்டும். கமிஷன் உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்து 2019 திருத்தத்தில் 7 ஆனது.

தமிழ்நாட்டில் கடைகளும் இந்த வேலையில் இறங்கிவிட்டன. நகைக்கடைச் சீட்டு 11 மாதத்தோடு முடிவது தற்செயல் அல்ல: பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் நேர்செய்யாவிட்டால், 2014-ம் ஆண்டு நிறுவன விதிகளின்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும். செய்கூலியில், சேதாரத்தில் சலுகை கிடைக்கும். ஆனால் அந்தப் பணம் பொன்னாக மட்டுமே திரும்பி வரும். பள்ளிக்கு உதவாது. தீபாவளிப் பண்டு, பட்டாசுச் சீட்டு, பலகாரச் சீட்டு எல்லாம் பெரும்பாலும் பதிவில்லாதவை. முகம் தெரிந்த பத்துப் பேரோடு நிற்கும்வரை அவை ஒழுங்காக நடக்கும். முகவர்கள் வைத்து ஊர் ஊராகப் பிடிக்கும்போதுதான் தீபாவளி நெருக்கத்தில் ஆள் தலைமறைவு என்ற செய்தி வருகிறது. கட்டியவர்கள் பெரும்பாலும் கூலிவேலை செய்யும் பெண்கள் என்பதை நினைக்கையில் மனம் கொதிக்கிறது.

இன்னொரு வழி, வேலை கொடுப்பவரிடம் முதலில் வாங்கிப் பிறகு கழிப்பது. தமிழக அரசு ஊழியருக்குப் பண்டிகை முன்பணம் உண்டு. 10,000 ஆக இருந்ததை 20,000 ஆக்குவதாக 2025-ல் அறிவித்தார்கள். மாதச் சம்பளம் நிலையாக வருகிறவருக்கு இதில் கஷ்டமில்லை. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் தீபாவளி முற்பணம் கொடுத்து, பின்வரும் மாதங்களின் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். ஆனால் அங்கே வருமானம் வேலை செய்த நாளையும் பறித்த கொழுந்தையும் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவுகளில் வறட்சி. கொழுந்து குறையும், ‘பேர்’ எனப்படும் வேலை நாள் கணக்கும் குறையும். பிடித்தம் மட்டும் அப்படியே நிற்கும். செலவைச் சமமாகப் பரப்பினாலும் வரவு சமமாக இல்லாத வீட்டுக்கு அது நிம்மதி தராது. கொழுந்து நிறைந்த மாதத்தில் கூட்டியும் வறண்ட மாதத்தில் குறைத்தும் பிடிப்பதே நியாயம்.

முறைச் சீட்டின் பலவீனத்தை இலங்கையின் 2022 விலையேற்றம் காட்டியது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த மாதத்தில் கடைசி முறையாக 36,000 எடுத்தவருக்குக் கிடைத்த சாமான், ஓராண்டுக்கு முன் சுமார் 21,000 ரூபாய்க்குக் கிடைத்திருக்கும். முதலில் எடுத்தவரோ மதிப்புக் குறைந்த ரூபாயில் கட்டி முடித்தார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் நட்பில் நடந்த சீட்டில் ஒருவர் இழந்தார், மற்றவர் பெற்றார். ஏலச் சீட்டில் கடைசிவரை காத்திருப்பவருக்கு மாதந்தோறும் கழிவாவது வரும். முறைச் சீட்டில் அதுவும் இல்லை. விலை ஏறும் காலத்தில் சீட்டை ஆறு மாதத்தோடு முடிப்பதும், முதலில் எடுத்தவரை அடுத்த சுற்றில் கடைசிக்குத் தள்ளுவதும் ஓரளவு ஈடுசெய்யும்.

தேதியே இல்லாத செலவு ஒன்று உண்டு: சாவு. இலங்கைக் கிராமங்களில் மரண உதவிச் சங்கத்துக்கு மாதச் சந்தா கட்டுகிறார்கள். ஒரு வீட்டில் இழப்பு நேர்ந்தால் சங்கம் பணம் கொடுக்கும். கதிரை, கூடாரம் வரும். அங்கத்தவர்கள் இரவு விழித்திருக்கவும் வருவார்கள். தமிழ்நாட்டில் அந்த அளவுக்கு ஊரெங்கும் பரவிய ஏற்பாடு கிடையாது. இங்கே ஊர் கூடிக் கொடுப்பது மொய். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்தில் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தில் பெரும்பணம் ஒரே நாளில் சேர்ந்து, பிறகு ஒவ்வொருவர் விருந்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. வீடு கட்டவும் தொழில் தொடங்கவும் அது உதவியிருக்கிறது. ஆனால் விருந்து வைக்கும் நாளைக் குறிப்பவர் நாம். இழவுக்கு அப்படி நாள் குறிக்க முடியாது. தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக்கள் மாதச் சேமிப்போடு ஒரு சிறு மரண நிதியையும் சேர்த்துக்கொண்டால், அந்த இரவில் கடன் கேட்டு அலையும் நிலை பல வீடுகளுக்கு வராது.