யாருக்கும் சப்போர்ட் இல்லாமல் ஒரு மேட்ச்

உலகக் கோப்பை கால்பந்து நடக்கும் மாதத்தில் திருச்சி சத்திரம் பேருந்து நிலைய டீக்கடையிலும் ஸ்ரீரங்கம் உத்திர வீதித் திண்ணையிலும் முதலில் வரும் கேள்வி: "யாருக்கு சப்போர்ட்?" கிரிக்கெட்டில் இப்படிக் கேட்கவே தேவையிருக்காது. கால்பந்தில் நமக்கென்று அணி இல்லை. 1950-இல் தகுதி பெற்றும் இந்தியா பிரேசிலுக்குப் போகவில்லை. அதற்குப் பின் உலகக் கோப்பையில் ஒருமுறையும் ஆடியதில்லை. கேரளத்தில் இந்தக் குறையை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டார்கள். கோழிக்கோடு மாவட்டம் புல்லாவூரில் 2022-இல் மெஸ்ஸி, நெய்மார், ரொனால்டோ மூவருக்கும் ஆற்றிலும் கரையிலுமாகக் கட்-அவுட் வைத்தார்கள். திருச்சியில் அப்படி அணி பிரிந்து நிற்கும் வழக்கம் குறைவு. "சும்மா பார்க்கிறேன்" என்பார்கள், ஏதோ குறை சொல்லிக்கொள்வதுபோல. அது குறையே இல்லை. அணி இல்லாதவருக்கு ஆட்டம் முழுவதும் தெரியும். எப்படிப் பார்ப்பது என்று மட்டும் பழகிக்கொள்ள வேண்டும்.

ஓர் அணியின் ரசிகருக்குப் பந்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. பந்து எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் அவர் உயிர் இருக்கிறது. உங்களுக்கு அந்தப் பதற்றம் இல்லை. பந்து இல்லாத இடத்தைப் பார்க்கலாம். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நம்பெருமாள் வீதியில் எழுந்தருளும்போது எல்லோர் கண்ணும் பெருமாள்மேல் இருக்கும். சிம்மகதி என்னும் அந்த நடையை அனுபவித்தவர் கண் சற்றுக் கீழே இறங்கி ஸ்ரீபாதம் தாங்குவோரின் கால்களையும் பார்க்கும். அத்தனை தோள்களும் ஒரே எண்ணத்தில் அசைவதால்தான் அந்த நடை வருகிறது. கால்பந்தில் பந்து தொடாத பத்துப் பேரின் நடையைப் பார்க்கத் தொடங்குங்கள்.

2022 நவம்பர் 22-ஐ எடுத்துக்கொள்வோம். நமக்கு மாலை 3.30 மணி ஆட்டம். தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோற்காமல் வந்த அர்ஜென்டினா, எதிரே சவூதி அரேபியா. பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியில் கோல் போட்டார். முதல் பாதியிலேயே அர்ஜென்டினா இன்னும் மூன்று முறை பந்தை வலைக்குள் தள்ளியது, மூன்றும் ஆஃப்சைடு. மெஸ்ஸி ரசிகர்கள் அந்த மூன்று முறையும் தலையில் கைவைத்தார்கள். அணி இல்லாதவர் பார்க்க வேண்டியது வேறு. சவூதியின் டிஃபென்ஸ் வரிசை தன் கோலை விட்டுப் பல அடி முன்னே, நடுக்கோட்டை நோக்கி ஏறி நின்றது. கடைசி ஆள் ஒருவர் ஓரடி பின்தங்கினாலும் கதை முடிந்துவிடும் என்ற நிலையில் ஒரே கோடாக நின்றார்கள். பயிற்சியாளர் ஹெர்வே ரெனார்டின் அந்தத் துணிச்சல் முதல் பாதியில் அதிர்ஷ்டம்போலத் தெரிந்தது. இடைவேளைக்குப் பின் 48-ஆவது நிமிடத்தில் ஒன்று, 53-இல் ஒன்று என்று சவூதி இரண்டு கோல் போட்டு 2-1 என்று வென்றபோதுதான் ஊர் விழித்துக்கொண்டது. கோட்டைக் கவனித்தவருக்கு ஆட்டத்தின் சுவை முதல் அரைமணியிலேயே தொடங்கிவிட்டது.

தொலைக்காட்சியில் இதைப் பார்ப்பது எளிதல்ல என்பது உண்மை. கேமரா பந்தையே துரத்துகிறது. ஆனால் கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்கும்போதும், கோல் கிக் எடுக்கும்போதும் கேமரா சற்றுப் பின்வாங்கும். அந்தச் சில நொடிகளில் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பந்து இல்லாத அணியின் பின்வரிசை எங்கே நிற்கிறது? அதற்கும் நடுவரிசைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? முதல் பத்து நிமிடம் ஸ்கோரை மறந்து இதை மட்டும் பாருங்கள். வர்ணனை தொந்தரவு செய்தால் சத்தத்தைக் குறையுங்கள். 2022-இல் ஜியோசினிமா தமிழ் வர்ணனையும் தந்தது. ஆட்டம் புதிதாகப் பார்ப்பவருக்கு அது நல்ல துணை. பழகியபின் மௌனமும் நல்ல துணைதான்.

இன்னொரு பயிற்சி, காசு செலவில்லாதது. பொன்மலை ரயில்வே மைதானங்களிலோ அண்ணா விளையாட்டரங்கத்திலோ பையன்கள் ஆடும் ஓர் ஆட்டத்தைக் கோட்டோரம் நின்று முழுதாகப் பாருங்கள். டிவி காட்டாதது அத்தனையும் அங்கே கண்முன் இருக்கும். வலது ஓரத்தில் பந்து இருக்கும்போது இடது ஓரத்து ஆள் உள்ளே நகர்வது, கோல்கீப்பர் ஓயாமல் கத்திக்கொண்டிருப்பது, தளர்ந்துபோன ஒருவன் இனி ஓடமாட்டான் என்பது அவன் தோளிலேயே தெரிவது. அதற்குப் பின் டிவியில் ஓர் ஆட்டத்தைப் போட்டால், திரைக்கு வெளியே என்ன நடக்கிறது என்று மனம் தானாகக் கணக்குப் போடும்.

அடுத்து, கோல் இல்லாத ஆட்டத்தை வெறுக்காமல் இருக்கப் பழக வேண்டும். 2022-இல் கார்த்திகை தீபத்தன்று, டிசம்பர் 6 இரவு 8.30-க்கு, மொராக்கோவும் ஸ்பெயினும் ஆடின. ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேல் பாஸ் கொடுத்தது. 120 நிமிடம் முடிந்தும் 0-0. "என்ன மேட்ச் இது" என்று சேனல் மாற்றியவர்கள் பலர் இருந்திருப்பார்கள். எனக்கு அந்தத் தொடரிலேயே மிகப் பிடித்த ஆட்டம் அதுதான். மொராக்கோவின் பின்வரிசை நால்வருக்கு முன்னால் சோஃப்யான் அம்ராபத் ஒருவர் நின்றார். ஸ்பெயின்காரர்கள் பந்தை இடமும் வலமும் எத்தனை முறை மாற்றினாலும் அவர் அந்த நடுவாசலைத் திறந்துவிடவில்லை. மொராக்கோ பந்துக்கு ஆசைப்படவே இல்லை. இடத்தை மட்டும் காத்தது. இப்படிக் காப்பதற்கு வேண்டிய ஒழுக்கத்தை, பயிற்சியாளர் வலித் ரெக்ராகி பொறுப்பேற்று மூன்று மாதமே ஆகியிருந்த நிலையில் அந்த அணி பெற்றிருந்தது.

பெனால்டி ஷூட்-அவுட் வந்தால் உதைப்பவரை விட்டுவிட்டு கோல்கீப்பரைப் பாருங்கள். அன்று ஸ்பெயினின் மூன்று உதையும் வீண். ஒன்று கம்பத்தில் பட்டது, இரண்டை யாசின் பூனோ தடுத்தார். கடைசி உதையை மெதுவாக நடுவில் தூக்கிப் போட்டு முடித்த அஷ்ரஃப் ஹக்கிமி பிறந்தது மாட்ரிட்டில். அந்த அணி போர்ச்சுகலையும் வென்று, அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அணி ஆனது.

ஆனால் ஒரு தொடரில் ஒரே ஒரு இரவுதான் பார்க்க முடியும் என்றால், இறுதிப்போட்டியைக்கூட விட்டுவிட்டு, பிரிவுச் சுற்றின் கடைசி நாளைத்தான் சொல்வேன். ஒரே பிரிவின் இரண்டு ஆட்டங்களும் அன்று ஒரே நேரத்தில் தொடங்கும். இதற்கு ஒரு கசப்பான காரணம் உண்டு. 1982-இல் ஸ்பெயினின் கிகோனில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. அல்ஜீரியா தன் ஆட்டங்களை முந்தைய நாளே முடித்துவிட்டது. அந்தத் தொடரில் மேற்கு ஜெர்மனியையே தோற்கடித்த அணி அது. ஜெர்மனி 1-0 என்று வென்றால் ஐரோப்பிய அணிகள் இரண்டும் உள்ளே, அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் கோல் விழுந்தது. அதன்பின் இரு தரப்பும் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார்கள். 1986 முதல் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துகிறார்கள். அல்ஜீரியாவுக்கு நடந்த அநீதியிலிருந்துதான் நமக்கு இந்த இரட்டை ஆட்டம் கிடைத்தது.

2022 டிசம்பர் 2, இரவு 8.30. ஒரு பக்கம் தென் கொரியா–போர்ச்சுகல், மறுபக்கம் உருகுவே–கானா. டிவியில் ஒன்று, கைபேசியில் ஒன்று. உருகுவே 2-0 முன்னிலை, கொரியா 1-1. அப்படியே முடிந்தால் உருகுவே உள்ளே. 91-ஆவது நிமிடத்தில் கொரியாவின் சொன் கொடுத்த பந்தில் ஹ்வாங் ஹீ-சான் கோல் போட்டார். இப்போது புள்ளியும் சமம், கோல் வித்தியாசமும் சமம். அதிக கோல் போட்டது கொரியா. உருகுவேக்கு இன்னும் ஒரே ஒரு கோல் வேண்டும். கானா அதற்குள் வெளியேறிவிட்டது, அவர்களுக்கு எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் அந்த ஒரு கோலை அவர்கள் விடவில்லை. 2010-இல் உருகுவேயின் சுவாரெஸ் கோல்கோட்டில் கையால் பந்தைத் தடுத்ததால்தான் தாங்கள் வெளியேறினோம் என்பதைக் கானா மறக்கவில்லை. தங்கள் ஆட்டம் முடிந்த கொரிய வீரர்கள் மைதான நடுவில் வட்டமாக நின்று கைபேசியில் அந்த மறு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் சுவாரெஸ் அழுதார். நான்கு நாடுகளின் கவலையையும் ஒரே சமயத்தில் தாங்க அணி இல்லாத ஒருவரால்தான் முடியும்.

அதற்காகக் கடைசிவரை கல்போல உட்கார வேண்டும் என்பதில்லை. ஆட்டத்தின் நடுவே மனம் ஒரு பக்கம் சாயும்; சாயவிடுங்கள். டாஸ் போடும்போதே சின்ன அணிக்குச் சாய்ந்துவிடுவது மட்டும் வேண்டாம், பெரிய அணி நன்றாக ஆடும் அழகு அப்போது கண்ணில் படாமல் போகும். முடிந்தால் தீவிர ரசிகர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். திருச்சிக் கல்லூரி விடுதிகளில் கேரளத்து மாணவர்களுக்குக் குறைவில்லை. ஓர் அர்ஜென்டினா ரசிகரோடு ஒரு நாக்-அவுட் ஆட்டம் பார்த்தால் ரசிகரின் பதற்றம் என்னவென்று விளங்கும். அவர் அணி தோற்றால் "விளையாட்டுதானே தம்பி" என்று சொல்லாதீர்கள்.

2026-இலிருந்து உலகக் கோப்பையில் 48 அணிகள், 104 ஆட்டங்கள். அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் நடப்பதால் நமக்கு ஆட்டங்கள் இரவில் தொடங்கி மறுநாள் காலைவரை நீள்கின்றன. எல்லாம் பார்க்க முயல வேண்டாம். விடியலில் எழும் பழக்கமுள்ளவர்கள் படுத்து எழுந்து அதிகாலை ஆட்டத்தை வைத்துக்கொள்ளலாம். பெயர் கேள்விப்படாத அணிகளை விடாதீர்கள். தகுதி பெற்ற குராசோவின் மொத்த மக்கள்தொகை திருச்சி மாநகராட்சியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அது ஜெர்மனியுடன் ஒரே பிரிவில்.

12 பிரிவுகளிலும் முதல் இரண்டு அணிகளோடு, மூன்றாம் இடத்துக்கு வந்தவற்றில் சிறந்த எட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும் என்பது புது விதி. ஒரு தாளில் 12 வரி போட்டு ஒவ்வொரு பிரிவின் மூன்றாம் அணியையும், அதன் புள்ளி, கோல் வித்தியாசம், போட்ட கோல் மூன்றையும் பென்சிலால் எழுதி வையுங்கள். ஆட்டம் முடிய முடியத் திருத்துங்கள். கடைசி நாட்களில், ஆடி முடித்த ஏதோ ஓர் அணி வேறு ஊரில் நடக்கும் ஆட்டத்தை நம்பி உட்கார்ந்திருக்கும். அது எந்த ஆட்டம் என்று தாள் சொல்லும். அதைப் போட்டுப் பாருங்கள்.