வெண்கண்டலின் இலை

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலில், வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். வேர் தடுத்ததுபோக உள்ளே நுழைந்த உப்பை இலைச் சுரப்பிகள் வெளியே தள்ள, வெயிலில் அது பொடியாகப் பூக்கிறது. தூத்துக்குடி உப்பளக்காரர் பாத்தியில் செய்வதை இலையே செய்துவிடுகிறது!

நெல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உப்பேறிய மண்ணில் முளைக்கும் விதையில் அமிலேஸ் நொதி மந்தமாகும். மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தாமதமாகும். நாற்றின் செல்லுக்குள் கேடு செய்யும் ஆக்சிஜன் வடிவங்களும் பெருகும். அவற்றில் ஒன்றைத் தணிப்பது சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி.

அந்த நொதிக்கான மரபணுவை வெண்கண்டலிலிருந்து எடுத்துப் பாசுமதி நெல்லில் சேர்த்தார்கள், சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார். 2008இல் வெளியான முடிவின்படி, அந்த நெல் உப்பைக் கூடுதலாகத் தாங்கியது.

நெல் விதை உப்பு மண்ணிலேயே முளைக்க வேண்டும். வெண்கண்டல் விதையோ, தாய்மரத்துக் காய்க்குள்ளேயே முளைத்த பிறகுதான் சேற்றில் விழுகிறது.