டெக்கீலா: பள்ளத்தாக்கும் மேட்டு நிலமும்

கற்றாழையிலிருந்து வாலையில் இறக்கும் மதுவுக்கு மெக்சிகோவில் மெஸ்கால் என்று பொதுப்பெயர். டெக்கீலா அந்தக் குடும்பத்தில் ஒரு கிளை. ஹாலிஸ்கோ மாநிலத்தில், எரிமலை ஒன்றின் அடிவாரத்தில் இருக்கும் டெக்கீலா என்ற ஊரின் சரக்கு மற்ற ஊர்ச் சரக்கைவிடப் பேர்பெற்றதால், ஊர்ப்பெயரே மதுவின் பெயராகிவிட்டது. ஸ்பானியர் வருவதற்கு முன்பே அந்நாட்டு மக்கள் பெருங்கற்றாழையின் சாற்றை எடுத்துப் புளிக்கவைத்துக் குடித்தார்கள். புல்கே எனப்படும் அது ஒருவகைக் கள். வடித்தெடுக்கும் மதுவாக டெக்கீலா வளர்ந்தது ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில்.

இங்கே கற்றாழை என்பது சோற்றுக் கற்றாழை அன்று. தமிழ்நாட்டில் தண்டவாள ஓரங்களில் வேலியாக நிற்கும் ஆனைக் கற்றாழைதான் இதற்கு நெருங்கிய உறவு. டெக்கீலாவுக்குச் சட்டம் அனுமதிப்பது நீலக் கற்றாழை என்ற ஒரே வகையை மட்டும். பிரெஞ்சுப் படையுடன் மெக்சிகோவுக்கு வந்த மருத்துவரும் தாவரவியலாளருமான வெபரின் பெயரைத் தாங்கி, 1902இல் அது அறிவியல் நூல்களில் இடம்பெற்றது. தாய்ச்செடியின் அடியில் முளைக்கும் பக்கக் கன்றுகளைப் பிரித்து நடுவார்கள். 6, 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பூத்தண்டு எழுந்தால் சேர்த்துவைத்த சர்க்கரை முழுவதும் பூவுக்குப் போய்விடும் என்பதால் அதை முளையிலேயே வெட்டிவிடுவார்கள். ஹிமடோர் எனப்படும் அறுவடைத் தொழிலாளி, நீண்ட கைப்பிடியின் முனையில் வட்டத் தகடு பொருத்திய கோவா என்ற கருவியால் மடல்களைச் சீவித் தள்ளுவார். கடைசியில் மிஞ்சும் உருண்டை பார்ப்பதற்கு அன்னாசிப்பழம் போலவே இருக்கும். அதன் பெயரும் ஸ்பானிய மொழியில் அன்னாசிதான்: பீன்யா. பெரும்பாலும் 30 கிலோவுக்குக் குறையாத இந்த உருண்டைகளில் ஏறத்தாழ 7 கிலோ சேர்ந்தால் ஒரு லிட்டர் நல்ல டெக்கீலா கிடைக்கும்.

தொழிலின் வரலாறு சில குடும்பங்களின் வரலாறு. குவேர்வோ குடும்பத்துக்கு 1758இல் நிலம் கிடைத்தது. 1795இல் ஸ்பெயின் மன்னர் நான்காம் சார்லஸிடமிருந்து மது வடிக்கும் உரிமம் வந்தது. ஹெர்ராதுரா 1870இலும், செனோபியோ சௌசாவின் நிறுவனம் 1873இலும் தொடங்கின. டெக்கீலா என்ற பெயருக்கு 1974இல் மெக்சிகோ அரசு சட்டப் பாதுகாப்பு அளித்தது. இன்று ஹாலிஸ்கோ மாநிலம் முழுவதும், குவானஹுவாத்தோ, மிச்சோவகான், நயாரித், தமௌலிபாஸ் ஆகிய 4 மாநிலங்களின் சில பகுதிகளும் மட்டுமே இந்த மதுவின் தாயகம். 1994இல் அமைந்த டெக்கீலா ஒழுங்குமுறைக் குழு தோட்டம் முதல் புட்டி வரை கண்காணிக்கிறது. 2006இல் யுனெஸ்கோ கற்றாழை வயல்களையும் பழைய வடிசாலைகளையும் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இத்தனை காவலும் நல்ல சரக்குக்கு உத்தரவாதம் ஆகாது. ஒரு காலத்தில் கற்றாழைச் சர்க்கரை மட்டுமே சேர வேண்டும் என்றிருந்த விதியை 1964இல் 70 விழுக்காடாகவும், 1970இல் 51 விழுக்காடாகவும் தளர்த்தினார்கள். மீதி 49 விழுக்காடு கரும்புச் சர்க்கரையாக இருக்கலாம். மிக்ஸ்டோ என்று வழங்கும் இந்தக் கலப்பு வகையைத் தொட்டி தொட்டியாக வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கே புட்டியில் அடைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. உப்பும் எலுமிச்சையும் வைத்து ஒரே மடக்கில் விழுங்கும் பழக்கம் உலகெங்கும் பரவியதில் இந்தக் கலப்புச் சரக்குக்கும் பங்குண்டு. நாக்கில் நிற்கவிடாமல் விழுங்கினால்தான் அது தாங்கும். ஆகவே நிதானமாகப் பருக வாங்குபவர் முதலில் தேட வேண்டியது '100 விழுக்காடு கற்றாழை' என்ற சொற்களை. அவை இல்லாத புட்டி எத்தனை பொன்னிறமாக மின்னினாலும் இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் வராது.

அடுத்து முகப்புச் சீட்டில் பார்க்க வேண்டியது நோம் என்ற எழுத்துகளுடன் வரும் 4 இலக்க எண். அது வடிசாலையின் அடையாளம். 1139 என்றால் அரந்தாஸ் ஊரின் லா அல்தேன்யா, 1493 என்றால் டெக்கீலா ஊரின் ஃபோர்த்தலேசா. சந்தையில் பெயர்கள் பல, வடிசாலைகள் சில. ஒரே எண்ணின் கீழ் பத்துப் பதினைந்து பெயர்கள் வருவதும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் கதைகள்தான் வேறுவேறு, வாலை ஒன்றே.

மரபாக இரண்டு மண்களைப் பிரித்துச் சொல்வார்கள். டெக்கீலா, அமதித்தான், எல் அரேனால் ஆகிய ஊர்களைக் கொண்டது பள்ளத்தாக்கு. எரிமலைச் சாம்பல் கலந்த மண், சற்றே வெப்பமான பருவம். இங்கே பிறப்பவை மண்வாசனையும் மிளகுக் காரமும் பச்சிலைச் சாயலும் கொண்டவை என்பது பொதுக்கருத்து. கிழக்கே அரந்தாஸ், அதோதோனில்கோ, ஹேசூஸ் மரியா வட்டாரம் லோஸ் ஆல்தோஸ் எனப்படும் மேட்டு நிலம். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்தை ஒட்டிய இந்த நிலத்தின் இரும்புச் செம்மண்ணில் கற்றாழை பெரிதாகவும் இனிப்பாகவும் விளைகிறது. மதுவில் பூவும் பழமும் மணக்கின்றன. இந்தப் பிரிவினையை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மேட்டு நிலக் கற்றாழை லாரியில் ஏறிப் பள்ளத்தாக்குக்குப் போவது அன்றாட நடப்பு. மண்ணைவிடச் செய்முறைதான் சுவையை அதிகம் தீர்மானிக்கிறது.

செய்முறையில் முதல் பிளவு வேகவைப்பதில் தொடங்குகிறது. பழைய முறையில் செங்கல் சூளை அடுப்பில் ஆவி விட்டு, ஒன்றரை நாள் அல்லது இரண்டு நாள் நிதானமாக வேகவிடுவார்கள். பெரிய பிரஷர் குக்கர் போன்ற ஆட்டோகிளேவில் அதே வேலை அரை நாளுக்குள் முடிந்துவிடும். கவனத்தோடு செய்தால் அதிலும் நல்ல சரக்கு வரும். மூன்றாவது டிஃப்யூசர். இங்கே பச்சைக் கற்றாழையையே சிராய்த்துச் சுடுநீர் பாய்ச்சிச் சர்க்கரையை ஏறக்குறைய முழுவதும் கழுவி எடுத்துவிடுகிறார்கள். வேகவைப்பது பிறகு சாற்றை மட்டும். மிச்சம் பிடிக்கும் வழி இது. ஆனால் வெந்த கற்றாழையில் வரும் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மணம் இந்த வழியில் வராது. கற்றாழை விலையின் ஏற்ற இறக்கம் இந்த இயந்திரங்களுக்கு நல்ல வாய்ப்பு. 2010களின் இறுதியில் தட்டுப்பாடு வந்து விலை கிலோவுக்கு 25 பேசோவைத் தாண்டியது. எல்லாரும் நட்டதால் 2024இல் 10 பேசோவுக்கும் கீழே சரிந்தது. விலை ஏறும் காலங்களில் முற்றாத செடிகளையும் வெட்டிவிடுகிறார்கள்.

வெந்ததைப் பிழிவது அடுத்த படி. வட்டக் குழியில் உருளும் கனமான கல்சக்கரத்துக்குத் தஹோனா என்று பெயர். தமிழ்நாட்டில் கட்டட வேலைக்குச் சுண்ணாம்புக் காரை அரைத்த கல்லாலையைப் பார்த்தவருக்கு அது புதிதாகத் தோன்றாது. அதோதோனில்கோவில் 1952இல் தொடங்கிய சியேத்தே லேகுவாஸ் தன் பழைய வடிசாலையில் இன்னும் கோவேறு கழுதைகளைக் கட்டித் தஹோனா ஓட்டுகிறது. மற்றப் பெரும்பாலான இடங்களில் கரும்பாலை போன்ற உருளை ஆலைகள். கல்லில் நசுங்கும்போது நார் முழுதாகச் சிதைவதில்லை. அந்த நாரையும் சேர்த்து ஊறல் போட்டால் மதுவுக்குச் சதைப்பற்று வருகிறது. 1937 முதல் இயங்கும் லா அல்தேன்யாவில் எல் தெசோரோ, தபாதியோ என்ற இரண்டையும் வடிக்கிறார்கள். முன்னது முழுக்கத் தஹோனாவில் அரைத்தது. தண்ணீர் கலக்காமல் புட்டிக்கு உரிய வலிமையிலேயே வாலையிலிருந்து இறக்கியது. பின்னது உருளை ஆலையில் பிழிந்தது. ஒரே கூரையின் கீழ் இருக்கும் இரண்டு பள்ளிகளை ஒப்பிட இதைவிட வசதியான பாடம் இல்லை.

ஃபோர்த்தலேசாவின் கதை மரபு எப்படித் திரும்பியது என்பதற்குச் சான்று. சௌசா குடும்பம் 1976இல் தன் நிறுவனத்தை விற்றது. செனோபியோவின் வழியில் ஐந்தாம் தலைமுறையைச் சேர்ந்த கியெர்மோ எரிக்சன் சௌசா, குடும்பத்திடம் எஞ்சியிருந்த பழைய சிறு வடிசாலையைச் சீர்செய்து, செங்கல் அடுப்பு, தஹோனா, சிறு செப்பு வாலைகளுடன் 2005இல் விற்பனைக்கு வந்தார். இன்று பள்ளத்தாக்குப் பாணிக்கு அளவுகோலாகச் சொல்லப்படுவது இந்தச் சரக்கு. எல் அரேனாலில் 1904 முதல் இருக்கும் கஸ்கவினும் அதே வரிசையில் வைக்கத்தக்கது. மேட்டு நிலத்தில் கமரேனா குடும்பத்தின் கை எங்கும் தெரிகிறது: கார்லோஸ் கமரேனாவின் ஓச்சோ ஒவ்வொரு புட்டியிலும் கற்றாழை விளைந்த வயலின் பெயரையும் ஆண்டையும் அச்சிடுகிறது, அவருடைய சகோதரர் ஃபெலிப்பேயின் ஜி4 மழைநீரையும் சேர்த்து வடிக்கப்படுகிறது.

முதிர்ச்சியை வைத்து வகுக்கும் வகைகள் சட்டத்தில் திட்டமாக உள்ளன. பிளாங்கோ என்பது வடித்த நிலையிலேயே, அல்லது 2 மாதத்துக்குள், புட்டிக்குப் போவது. ஓக் மரத்தில் குறைந்தது 2 மாதம் இருந்தால் ரெபொசாதோ. 600 லிட்டருக்கு மேற்படாத பீப்பாயில் ஓராண்டு கிடந்தால் அன்யெஹோ, 3 ஆண்டு கிடந்தால் எக்ஸ்ட்ரா அன்யெஹோ. கடைசி வகை 2006இல்தான் ஏற்கப்பட்டது. பீப்பாய்களில் பெரும்பாலானவை அமெரிக்க விஸ்கி இறக்கிய பழையவை. அதனால் வனிலாவும் கருகிய சர்க்கரையும் மணப்பது இயல்பு. ஆனால் மரம் பேசப் பேசக் கற்றாழை வாயடைத்துப் போகிறது. 5 ஆண்டு கிடந்த எக்ஸ்ட்ரா அன்யெஹோவைக் கண்ணை மூடிப் பருகினால் கோன்யாக் என்று நினைக்க வாய்ப்புண்டு. வடிப்பவரின் திறமைக்குச் சோதனை பிளாங்கோதான். அதில் மறைத்துக்கொள்ள மரம் இல்லை. ஒரு வடிசாலையின் பிளாங்கோ பிடிக்கவில்லையென்றால் அதன் விலை கூடிய புட்டிகளை நாட வேண்டிய அவசியம் இல்லை.

மரத்தில் கிடந்ததை கரித்தூளில் வடிகட்டி நிறம் நீக்கிய கிரிஸ்டலினோ அண்மைக் காலப் பாணி. மெக்சிகோவில் அதற்கு நல்ல விற்பனை. ஆண்டுக்கணக்கில் பீப்பாயில் சேர்த்த நிறத்தையும் மணத்தில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டு அதற்கு மேல்விலை கேட்பதன் நியாயம் விளங்கவில்லை.

சேர்மானங்கள் தனிப் பிரச்சினை. கேரமல் நிறம், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகிய நான்கையும் எடையில் 1 விழுக்காட்டுக்கு மேற்படாமல் சேர்த்தால் முகப்புச் சீட்டில் சொல்ல வேண்டியதில்லை. '100 விழுக்காடு கற்றாழை' என்ற சொற்களும் இதைத் தடுப்பதில்லை. சேர்மானம் இல்லை என்று தனியார் சிலர் சான்று வழங்கத் தொடங்கியபோது ஒழுங்குமுறைக் குழு அதை ஏற்க மறுத்தது. ஆகவே வாங்குபவருக்குத் துணை அவரவர் மூக்குதான். கேக் கடை வாசலில் நிற்பதுபோல வனிலா அடித்தாலோ, விழுங்கிய பிறகு உதட்டில் இனிப்பு ஒட்டிக்கொண்டாலோ சந்தேகப்படலாம்.

பருகுவதற்குக் கபாயித்தோ என்ற குறுகிய நெட்டைக் குவளை மெக்சிகோவின் பழக்கம். மணத்தை அறிய வாய் சற்றுக் குறுகிய காம்புக் கிண்ணம் மேல். ஒழுங்குமுறைக் குழுவின் ஒப்புதலோடு ரீடல் நிறுவனம் 2002இல் அதற்கென்றே ஒன்றை வடிவமைத்தது. பனிக்கட்டி வேண்டாம், குளிர் மணத்தைக் கட்டிவிடும். முதல் மடக்கு நாக்கைப் பழக்குவதற்கு மட்டும், சுவை இரண்டாவதில்தான் தெரியும். ஹாலிஸ்கோவில் பக்கத்தில் சங்ரீத்தா வைப்பார்கள். ஆரஞ்சுச் சாறும் மிளகாயும் கலந்த, காரமும் புளிப்பும் கொண்ட பானம். இரண்டையும் கலக்காமல் மாற்றி மாற்றிப் பருகுவது முறை.

பலர் கூடிப் பகிர்வதற்கு விலை கூடிய ஒரு புட்டியைவிட, பள்ளத்தாக்கின் பிளாங்கோ ஒன்று, மேட்டு நிலத்தின் பிளாங்கோ ஒன்று, ரெபொசாதோ ஒன்று என்று வைப்பது பேச்சை வளர்க்கும். 1942இல் தொழிலில் இறங்கிய ஹூலியோ கொன்சாலெஸ் தம் சரக்குக்குக் குட்டையான புட்டியைத் தேர்ந்தாராம். மேசையில் வைத்தால் எதிரே இருப்பவரின் முகத்தை மறைக்கக் கூடாது என்பது அவர் நிறுவனம் சொல்லும் காரணம். அவர் பெயரில் இன்று வரும் '1942' அன்யெஹோவின் புட்டியோ நெட்டையாக நிற்கிறது.

பரிசளிப்பில் புட்டியின் அழகும் கணக்கில் சேரும். கிளாசே அசூல் கையால் வண்ணம் தீட்டிய பீங்கான் குடுவையில் வருகிறது. கொடுத்த பணத்தில் கணிசமான பங்கு குடுவைக்கு என்று தெரிந்தே வாங்க வேண்டும். குவேர்வோவின் ரெசெர்வா தே லா ஃபமீலியா 1995 முதல் ஆண்டுதோறும் ஒரு மெக்சிகோ ஓவியர் வரைந்த மரப்பெட்டியில் வருகிறது, சேகரிப்பவருக்கு ஏற்றது. ஃபோர்த்தலேசாவின் மூடி கையால் செய்த சிறு பீன்யா. நடிகர் ஜார்ஜ் க்ளூனி 2013இல் நண்பர்களோடு தொடங்கிய கசமிகோஸ், 4 ஆண்டில் 100 கோடி டாலர் வரை மதிப்பிட்டு டியாஜியோ என்ற மதுபான நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதன்பின் நட்சத்திரப் பெயர் தாங்கிய புட்டிகள் பெருகின. பெறுபவர் ரசிகராக இருந்தால் அவையும் பரிசுதான். விஸ்கி பழகியவருக்கு அன்யெஹோ பொருந்தும், மதுவை அறிந்தவருக்கு நல்ல பிளாங்கோவே மரியாதை.

வைன் போல டெக்கீலா புட்டிக்குள் முதிர்வதில்லை. 10 ஆண்டு பூட்டி வைத்தாலும் அன்யெஹோ எக்ஸ்ட்ரா அன்யெஹோ ஆகாது. தக்கையில் மது படாதபடி நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். திறந்த புட்டியில் பாதிக்குக் கீழ் இறங்கிவிட்டால் காற்று மணத்தைத் தின்னத் தொடங்கும். மிச்சத்தைச் சிறிய புட்டிக்கு மாற்றிச் சில மாதத்துக்குள் முடித்துவிடுவது வழக்கம்.