அணைத்தும் பாருங்கள், ஏற்றியும் பாருங்கள்

பழைய பின்பால் இயந்திரத்தின் முன்னால் நிற்கிற எவருக்கும் கண் முதலில் எஃகு உருண்டையின் மேல்தான் போகும். கொஞ்சம் நிமிருங்கள். மேசைக்கு மேலே நிற்கும் பெட்டியில், உள்ளிருந்து ஒளி வாங்கி ஜொலிக்கும் ஓவியக் கண்ணாடி ஒன்று இருக்கும். அதன் பெயர் பேக்கிளாஸ். தூரத்தில் போகிறவரை இழுத்து வந்து காசு போட வைப்பதுதான் அதன் வேலை. காட்லீப், பேலி, வில்லியம்ஸ் முதலிய சிகாகோ நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் இவற்றைச் செய்து குவித்தன. இன்று அவற்றில் பல உரிந்து உதிர்ந்துவிட்டதால் புதிதாக மறு ஆக்கம் செய்கிறார்கள். அப்படிச் செய்தவற்றை எப்படிப் பார்த்து ரசிப்பது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அங்கே கண்ணாடியின் பின்புறத்தில் தலைகீழ் வரிசையில் வரைவார்கள்: கண்ணும் நகையும் முதலில், பின்னணி கடைசியில். பேக்கிளாஸிலும் அதே முறைதான். தூரிகைக்குப் பதில் ஸ்க்ரீன் பிரிண்டிங். நுண்கோடுகள் முதலில் விழும். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்க்ரீன். அதன்மேல், விளக்கொளியைப் பரப்பித் தருவதற்கு வெள்ளை. எல்லாவற்றுக்கும் பின்னால், ஒளி வரக்கூடாத இடங்களை அடைக்கும் சாம்பல் நிறப் பூச்சு ஒன்று. பார்வையாளர் கண்ணில் ஒருநாளும் படாத இந்தக் கடைசிப் பூச்சைத்தான் ஓவியத்தின் சரிபாதி என்று நான் நினைக்கிறேன். எது ஒளிர வேண்டும், எது இருளில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான்.

எனவே முதலில் விளக்கு அணைந்த நிலையில் பாருங்கள். அப்போது அது அச்சுப் படம் மட்டுமே. கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. ஸ்க்ரீனில் அச்சிட்ட சிவப்பு, ஒரே பரப்பாக, அடர்த்தியாக, ஓரம் கூர்மையாக இருக்கும். டிஜிட்டல் அச்சாக இருந்தால் அதே சிவப்பு பல நிறப் புள்ளிகளாகக் கலைந்து தெரியும். இரண்டாவது மட்டம் என்று சொல்லவில்லை. நல்ல டிஜிட்டல் வேலையும் உண்டு. ஆனால் அறுபதுகளின் ஓவியர் தட்டையான நிறங்களை நம்பி வரைந்தவர். புள்ளிகளில் அந்த உறுதி தளர்ந்துவிடுகிறது.

நிறம் சரியா என்பது அடுத்த கேள்வி. பல ஆண்டு வெளிச்சத்தில் முதலில் வெளுப்பது சிவப்பு. வெளுத்த கண்ணாடியை அப்படியே ஸ்கேன் செய்தால், வெளுப்பும் சேர்ந்தே நகலாகும். அக்கறையுள்ளவர்கள் சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரப் பகுதியைத் தேடிப் பார்ப்பார்கள். ஒளி படாத அந்த விளிம்பில் பழைய நிறம் அப்படியே இருக்கும். ஒரு கண்ணாடியில் உதிர்ந்த இடம் இன்னொன்றில் பிழைத்திருக்கலாம் என்பதால், ஒரே விளையாட்டின் பல பிரதிகளைத் தேடிச் சேர்த்து, கணினியில் ஒவ்வொரு நிற அடுக்கையும் கையால் திரும்ப வரைகிறார்கள்.

இப்படி வரைகிறவர் எங்கே களைத்துப் போனார் என்பதைப் படத்திலுள்ள கூட்டத்தில் பார்க்கலாம். பேலியின் ‘கேப்டன் ஃபென்டாஸ்டிக்’ (1976) கண்ணாடியில் பாடகர் எல்டன் ஜான் நடுவே நிற்கிறார். சுற்றிலும் டேவ் கிறிஸ்டென்சன் வரைந்த சிறுசிறு முகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குணம். மறு ஆக்கத்தில் நடு உருவம் பிரமாதமாக இருந்து, ஓரத்து முகங்கள் மழுங்கியிருந்தால் அது பாதி வேலை. காட்லீபுக்காக ராய் பார்க்கர் வரைந்தவற்றிலும் மூலையில் ஒரு குட்டி வேடிக்கை ஒளிந்திருக்கும். அவருடைய ‘சென்ட்ரல் பார்க்’ (1966) கண்ணாடியில் ஒரு குரங்கு நிஜமாகவே அசைந்து மணியடிக்கும். பின்னால் இயங்கும் பொறிக்கும் ஓவியத்துக்கும் அங்கே இம்மி பிசகக்கூடாது.

அசலில் ஒரு நிறம் கோட்டைத் தாண்டிச் சற்றே ஒதுங்கி விழுந்திருக்கும். அச்சகத்தில் ரிஜிஸ்டர் விலகிய தடம். மறு ஆக்கத்தில் அதைத் திருத்தலாமா? திருத்தினால் படம் அழகாகும் என்பவர்கள் உண்டு. எனக்குச் சம்மதமில்லை. அது அந்தப் பட்டறையின் கைத்தடம். துடைத்துவிட்டால் நமக்குக் கிடைப்பது வேறொரு படம். பேலியின் ‘கிஸ்’ (1979) இன்னொரு சிக்கல். ஜெர்மனிக்குப் போன பிரதிகளில், நாஜிப் படையின் சின்னத்தை நினைவூட்டியதால், ஆங்கிலப் பெயரின் (KISS) கடைசி இரு எழுத்துகளின் வடிவத்தை மாற்றினார்கள். எந்த நாட்டுக் கண்ணாடியைத் திரும்பச் செய்கிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

இப்போது விளக்கைப் போடுங்கள். பத்தடி தள்ளி நில்லுங்கள். ஒளிர்கிற இடத்தை விட்டுவிட்டு இருண்ட இடத்தைப் பாருங்கள். இரவு வானம் கறுப்பாகவே நிற்கிறதா? ஊசிமுனை அளவில் எங்காவது ஒளி கசிகிறதா? முகத்தின் நடுவில் பல்பின் வட்டம் வெள்ளையாகத் தெரிந்தால் பின்னாலிருக்கும் வெள்ளைப் பூச்சு மெலிந்துவிட்டது என்று பொருள். ஐம்பதுகளில் எண் உருளைகள் வருமுன், மதிப்பெண்ணைக் காட்டியது ஓவியத்துக்குள்ளேயே எழுதிய எண்கள்தான். பின்னால் பல்பு எரியும்போது அந்த எண் எழும்பும். பக்கத்து எண்ணுக்கு ஒளி வழியக்கூடாது. இயந்திரத்தை உலுக்கினால் எரியும் ‘டில்ட்’, ஆட்டம் முடிந்ததும் எரியும் ‘கேம் ஓவர்’ என்ற சொற்களும் அப்படித்தான்: பல இயந்திரங்களில், வேளை வரும்வரை அவை இருப்பதே தெரியக்கூடாது.

பல்பையும் கவனியுங்கள். பழைய 44-ஆம் எண் பல்பு 6.3 வோல்ட்டில் கால் ஆம்பியர் இழுக்கும். 47-ஆம் எண் 0.15 ஆம்பியர்தான். வெப்பம் குறைவு என்பதால் பலர் இரண்டாவதற்கு மாறினார்கள். கண்ணாடியிலிருந்து வண்ணத்தைக் கிளப்பியதில் அந்தச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பெரும் பங்கு உண்டு. இன்று எல்.இ.டி. போட்டால் சூட்டுத் தொல்லை இல்லை. ஆனால் நீலம் தோய்ந்த வெள்ளை எல்.இ.டி. போட்டால் மஞ்சளும் சதை நிறமும் உயிரிழந்துவிடும். அந்த நிறங்களெல்லாம் மஞ்சள் ஒளியில் பார்ப்பதற்கென்று தேர்ந்தவை. சில இயந்திரங்களில் மினுங்கும் பல்புகளும் இருக்கும். உள்ளே ஓர் ஈருலோகத் தகடு சூடேறி வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறியதும் திரும்பத் தொடும். ஒவ்வொரு பல்புக்கும் தனி வேகம் என்பதால் படம் ஒழுங்கில்லாமல் துடிக்கும். அந்த ஒழுங்கின்மைதான் அழகு.

எண்பதுகளின் நடுவில் கண்ணாடி அச்சுக்குப் பதிலாக பிளாஸ்டிக் தாள் அச்சு வந்தது. அதை நகலெடுப்பது ஒப்பீட்டில் எளிது. ரசிக்கவும் இவ்வளவு அடுக்கு இல்லை.

அமெரிக்கா போகிறவர்கள் கலிஃபோர்னியாவில் அலமேடாவிலுள்ள பசிபிக் பின்பால் அருங்காட்சியகத்தையும், லாஸ் வேகஸிலுள்ள பின்பால் ஹால் ஆஃப் ஃபேமையும் பார்க்கலாம். இரண்டிலும் இயந்திரங்களில் விளையாடவும் முடியும். வீட்டிலிருந்தபடி ஒரு மறு ஆக்கத்தை மதிப்பிட வேண்டியிருந்தால், விற்பவரிடம் பின்புறத்தின் படத்தைக் கேளுங்கள். அசலின் முதுகு சாம்பல் நிறத்தில், ஒளி வரவேண்டிய இடங்களில் மட்டும் திறந்திருக்கும். நகலின் முதுகு முழுக்க வெள்ளையாக இருந்தால், அவர் முன்பக்கத்தை மட்டுமே பார்த்துச் செய்திருக்கிறார்.