கடற்செலவும் மகளிரும்

தமிழர் கடலை ஆண்டனர் என்பது நம் மேடைகளில் ஓயாது கேட்கும் பெருமிதம். கோலாலம்பூரிலாயினும் கிள்ளானிலாயினும் தமிழ் விழா ஒன்று நடைபெறின், சோழர் மரக்கலமும் கடாரப் படையெடுப்பும் பேசப்படாமல் அது முடிவதில்லை. அப்பேச்சைக் கேட்டுக் கைதட்டுவோர் யார்? அவருட் பெரும்பாலோர் நாவாய்ப் படைத்தலைவர் வழிவந்தோர் அல்லர். கப்பற் தட்டில் மூட்டை முடிச்சுகளோடு ஒரு வாரம் கிடந்து வந்தவர்களின் மக்களும் பேரர்களும் ஆவர். அவ்வாறு வந்தவருள் பெண்டிரும் இருந்தனர். கடலைப் பாடிய நம் இலக்கியம் அப்பெண்டிருக்கு என்ன இடம் தந்தது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பாய்மரக் காலத்தில் கடற்செலவுக்குப் பருவம் உண்டு. ஆண்டின் நடுவில் வீசும் தென்மேற்குக் காற்று கலங்களைக் கடாரம் நோக்கிக் கிழக்கே உந்தும். ஆண்டிறுதியில் எழும் வடகிழக்குக் காற்று அவற்றைத் தாயகம் திருப்பும். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் சோழமண்டலக் கரையைப் புயல் தாக்கும். அந்நாளில் அங்குக் கலம் நிறுத்துதல் பேரிடர். ஆதலின் ஒருமுறை புறப்பட்டவன் எதிர்காற்று எழும்வரை வேற்று நாட்டில் பல திங்கள் தங்கியே தீரவேண்டும். அவன் தங்கிய திங்கள் அனைத்தும் கரையில் இருந்தவளுக்குப் பிரிவுத் திங்கள். கடற்பிரிவைப் பாடும் பழம்பாட்டுகளின் துயரை அளந்து கொடுத்தது இந்தக் காற்றேயாகும்.

அகநானூற்றின் 255-ஆம் பாட்டை நோக்குக. மதுரை மருதனிளநாகனார் இயற்றியது. உலகமே பெயர்ந்து செல்வது போன்ற பெருங்கலம், இரவும் பகலும் ஓயாமல் அதனைச் செலுத்தும் காற்று, கரையிலுள்ள உயர்ந்த மாடத்து விளக்கின் ஒளியைக் கண்டு திசையறிந்து கலத்தைக் கொண்டுசெல்லும் மீகாமன் என்று கடற்றொழிலின் நுட்பங்கள் அனைத்தும் அதில் அமைந்துள்ளன. இவற்றைக் கூறுபவள் யார்? பொருள்தேடப் போனவனை எண்ணி வருந்தும் தலைவி. கலத்தில் ஏறாத ஒருத்திக்குக் கலத்தின் ஓட்டம் இத்துணைத் தெளிவாகத் தெரிகிறது. புலவர் அவளுக்குக் கண்ணைக் கொடுத்தார், சொல்லைக் கொடுத்தார். கலத்தில் இடம் மட்டும் கொடுக்கவில்லை.

இது அவர் குற்றமன்று. இலக்கண மரபு அது. கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு போதல் வழக்கமில்லை என்று தொல்காப்பியத்து அகத்திணையியல் விதிக்கிறது. அந்நூற்பாவுக்கு உரையாசிரியர் எல்லாரும் ஒருபடித்தாகப் பொருள் கூறினாரல்லர். எனினும், பெண் கரையில் நிற்பவள் என்ற எண்ணம் பாட்டிலும் காப்பியத்திலும் ஆழ வேரூன்றிவிட்டது.

மணிமேகலையைப் பார்ப்போம். சாதுவன் என்பான் பொருளை இழந்து வாணிகத்துக்குக் கலமேறுகிறான். கலம் உடைகிறது. பாய்மரத் துண்டைப் பற்றி மிதந்து நாகர் மலையை அடைகிறான். அவனைத் தின்ன வந்த நாகரிடம் அவர்தம் மொழியிலேயே பேசிப் பிழைக்கிறான். கொலை தீதென அவர் தலைவனுக்கு அறங்கூறிப் பொருளோடு மீள்கிறான். கரையிலிருந்த அவன் மனைவி ஆதிரையோ, கணவன் இறந்தான் என்று கேட்டுத் தீயில் இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை. ஒரே துன்பத்தில் கணவனைக் காத்தது அவன் கற்ற மொழி; மனைவியைக் காத்தது ஒரு வியப்பு. அறிவுக்குப் பொருந்துவது இவற்றுள் எது என்று நாம் கேட்காமல் இருக்க முடியாது.

இதனினும் நுட்பமான இடம் ஒன்று அக்காப்பியத்தில் உண்டு. சாவக நாட்டு அரசன் புண்ணியராசனும் மணிமேகலையும் மணிபல்லவத் தீவுக்குச் செல்கின்றனர். இருவர்க்கும் சேரவேண்டிய இடம் ஒன்றே. அரசன் கப்பலில் போகிறான். மணிமேகலை வானத்தில் பறந்து போகிறாள். துறவியாய், அறிஞையாய், அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி நீக்கியவளாய் உயர்ந்த அப்பெண்ணைக்கூடச் சாத்தனார் கப்பற் தட்டில் நிறுத்தினாரில்லை. பெண்ணைப் பறக்கவைப்பது எளிதாயிற்று. பயணம் செய்யவைப்பது அரிதாயிற்று!

இனி நம் காலத்துக்கு வருவோம். நீராவிக் கப்பல் வந்தபின் காற்றுப் பருவத்தின் ஆட்சி ஒழிந்தது. அதன் இடத்தில் ரப்பர் விலையின் ஆட்சி வந்தது. விலை ஏறியபோது கங்காணி ஊர் ஊராய்ச் சென்று ஆள் சேர்த்தான். 1930-ஐ ஒட்டி விலை வீழ்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டனர். கூலியாள்களை உதவிப் பயணத்தில் அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடுத்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல்களுள் நம்மவர் மறவாத பெயர் ‘ரஜூலா’. 1926-இல் ஓடத் தொடங்கிய அக்கப்பல், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தட்டுப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. 1973 வரை இக்கடலில் உழைத்தது. 1901-இல் திறக்கப்பட்டு 1972-இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிய துறையில் இறங்கியோர், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களுக்கும், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளுக்கும், பிற ஊர்களுக்கும் பிரிந்து சென்றனர்.

இலக்கணம் கரையில் நிறுத்திய பெண் இங்கே கலமேறிவிட்டாள். ஏறியவள் இறங்கி என் செய்தாள்? விடியுமுன் எழுந்து பால்மரம் சீவினாள். 1928-ஐ ஒட்டித் தோட்டங்கள் பலவற்றில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக நியமிக்கப்பட்டன. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, தோட்டப் பெண்களை மேலாள்கள் மானபங்கம் செய்வது ஒழியவேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்றாய் இருந்தது. இவ்வளவும் வரலாற்று நூல்களில் உள்ளது. இலக்கியத்தில் எவ்வளவு உள்ளது?

பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்ற பாட்டில் பிஜித் தீவின் தோட்டப் பெண்களுக்காக உருகினார். கடல் கடந்த கூலிப் பெண்ணை நெஞ்சில் ஏந்திய அப்பாட்டு போற்றத்தக்கது. ஆயினும் அங்குப் புலவர் கரையில் நிற்கிறார். பெண்களின் அழுகையைக் கேட்டாயோ என்று காற்றை வினவுகிறார். அப்பெண்கள் அழுகின்றனர், பேசவில்லை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் நூலாக வந்தது. தென்கிழக்காசியக் கடலையும் போரையும் அதைப்போல் உயிரோடு காட்டிய தமிழ்ப் புதினம் அரிது. எனினும் அது வட்டிக்கடை அடுத்தாட்களும் படைவீரரும் நடமாடும் ஆடவர் உலகம். அகநானூற்றுத் தலைவி கடலைப் பேசினாள், கலமேறவில்லை. தோட்டத்துப் பெண் கலமேறினாள், அவளைப் பேசவிட்டவர் மிகச் சிலர். இந்தப் பிளவே நம் கடல் இலக்கியத்தின் பெருங்குறை என்பது எம் துணிபு.

‘மரபைக் குறைகூறலாமோ?’ என்பாரும் உளர். அவர்க்கு ஒன்று சொல்வோம். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்புவதே தமிழ் நெறி. தொல்காப்பியர் தம் காலத்து வழக்கைக் கண்டு எழுதினார். வழக்கு மாறியபின் பழைய நூற்பாவைக் காட்டிப் புதிய வாழ்வை மறைப்பது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது.

மரபிலேயே நமக்கு வழிகாட்டியும் உண்டு. புறநானூற்றின் 66-ஆம் பாட்டில், காற்றை ஏவல்கொண்டு கடலிற் கலம் செலுத்தியவன் வழித்தோன்றலே என்று கரிகாலனை விளித்துப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். பெயரால் குயவர் குடிப்பெண் என அறிகிறோம். மன்னனின் கடற்பெருமையைப் பாடியவர் அதனோடு நிற்கவில்லை. உன்னிடம் தோற்று வடக்கிருந்து உயிர்நீத்தவன் உன்னைவிட நல்லவன் அல்லனோ என்று வென்ற வேந்தன் முகத்துக்கு நேரே கேட்டார். நம் மேடைகள் அப்பாட்டின் முற்பகுதியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கின்றன. பிற்பகுதியின் நெஞ்சுரமே இன்று வேண்டற்பாலது.

ரஜூலாவின் தட்டில் வந்த பெண்கள் சிலர் இன்னும் நம் வீடுகளில் முதுமையுற்று இருக்கின்றனர். எத்துறையில் ஏறினார்கள், தட்டில் எதைச் சமைத்தார்கள், நோயுற்ற குழந்தையை எப்படிக் காத்தார்கள், கரை தெரிந்தபோது என்ன நினைத்தார்கள் என்று அவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லிலேயே எழுதிவைத்தல் எழுத்தறிந்த ஒவ்வொரு பேரன் பேத்தியின் கடமை. இலக்கியம் அங்கிருந்து பிறக்கட்டும். சோழனின் கலத்தைப் பாட ஆயிரம் பேர் உளர். பாட்டியின் கப்பலை எழுத அவள் வீட்டாரையன்றி வேறு யார் உளர்?